காலைப் பிடிக்குமுன் காலத்தைப் பிடி!

மற்போரில் இருகாற்பிடி என்றவுடன், பாய்ந்து சென்று மாற்றான் கால்களைக் கட்டிப் புரட்டும் முரட்டு வலிமையே பலர்தம் நினைவுக்கு வரும். இந்நினைவு பிழையானது. பயிற்சிக் களங்களில் இளைஞர்தம் முழங்காலுக்கும் கழுத்துக்கும் ஊறு விளைப்பதும் இதுவே. இருகாற்பிடியின் வெற்றியும் தோல்வியும் கைகள் கால்களைத் தொடுமுன்னரே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. இதனையே யாம் ஈண்டு வலியுறுத்த விரும்புகின்றோம்.

முதற்கண் இப்பிடிக்குரிய களத்தை அறிதல் வேண்டும். கிரேக்க உரோமை முறை மற்போரில் இடுப்பின்கீழ்ப் பிடித்தலே கூடாது. கட்டற்ற முறையில்தான் இதற்கு இடமுண்டு. அதில், நிற்கும் மாற்றானை வீழ்த்தி அடக்கினால் 2 புள்ளிகள். நின்ற நிலையினின்று நேரே அவன் முதுகு தரையை நோக்குமாறு வீழ்த்தினால் 4 புள்ளிகள். மும்மூன்று மணித்துளிகள் கொண்ட இரு பகுதிகளே போர் முழுதும் என்னும்பொழுது, ஒரு வீழ்த்தின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இனி, இதன் தொடக்கம் யாது? மாற்றானின் உடலெடை எங்குள்ளது என்று உணர்வதே தொடக்கம். கால்களைப் பரப்பிக் கைகளைத் தாழ்த்தி உறுதியாக நிற்பான்மேல் பாய்வது மதிலில் மோதுவதை ஒக்கும். ஆகவே, அவன் பிடரியிற் கைவைத்துக் கீழ்நோக்கி இழுக்க. தாழ்ந்த தலையை அவன் நிமிர்த்த முயல்வான். அவ்வாறு நிமிரும் நொடியில் அவன் இடுப்பு உயரும். கைகள் கால்களைக் காவா. புகவேண்டிய நொடி அதுவே. அவன் தள்ளிக்கொண்டு முன்வரினும் அஃதும் நல்வாய்ப்பே.

அடுத்தது தாழ்தல். இடுப்பை வளைத்துக் குனிவது தாழ்தல் ஆகாது. முதுகு நிமிர்ந்திருக்க முழங்கால்களை மடித்து இறங்குவதே தாழ்தல். பின்னர், முன்காலை மாற்றானின் இரு கால்களுக்கும் இடையே ஆழ ஊன்றுக. எட்டிப் பிடிப்பவனுக்குக் கைவலிமை மட்டுமே துணை; ஊன்றிப் புகுபவனுக்கோ முழு உடலும் துணை. தலை நிமிர்ந்து மாற்றான் விலாவோடு ஒட்டியிருத்தல் வேண்டும். கைகள் அவன் முழங்கால்களின் பின்புறத்தை இறுக அணைக்க, தோள் அடிவயிற்றை உந்த, பின்கால் விரைந்து முன்வருதல் வேண்டும். நேரே தள்ளிக்கொண்டிராமல், தலையால் நெருக்கி மறுபுறமாகத் திருப்பினால் அவன் ஊன்றி நிற்கக் காலின்றி வீழ்வான்.

தலை குனிந்து புகுவானுக்கு இரு கேடுகள். மாற்றான் கால்களைப் பின்னெறிந்து இடுப்பால் அழுத்துங்கால், அவன் எடை முழுதும் கழுத்தின்மேல் இறங்கும். தரையைப் பார்க்கும் கண் மாற்றானின் அசைவையும் காணாது.

அமெரிக்க மல்லர் சோர்டன் பரோசு 2012-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 74 கிலோ எடைப்பிரிவிற் பொற்பதக்கம் வென்றவர். 2011 முதல் 2022 வரை ஆறுமுறை உலக வாகை சூடியவர். இருகாற்பிடியே அவருக்குப் பெயர் தந்தது. அது வரும் என்பதை அவரை எதிர்த்தோர் நன்கறிவர். எனினும் வீழ்ந்தோர் பலர். ஏன்? இன்னது வரும் என்று அறிந்தார்களேயன்றி, இப்பொழுது வரும் என்று அறிந்தாரில்லை!

வலிமை வேண்டாவோ என்பார் சிலர். வேண்டும், ஆயின், வாயில் திறந்த பின்னரே அதற்கு வேலை. பயிற்சி நேரமெல்லாம் தூக்கி எறிதலிலேயே கழியுமாறு செய்யும் ஆசிரியர், வாயிலைத் திறக்கக் கற்பியாமல் மதிலில் மோதவே மாணவனைப் பழக்குகின்றார்.

போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைப் பாடிய சாத்தந்தையார், அவன் கால் ஒவ்வொன்றும் செய்த வினையைப் புறநானூற்றின் 80-ஆம் பாட்டிற் பிரித்துப் பிரித்துக் காட்டுகின்றார். மன்னனின் வலிமையைப் பொதுவாகப் புகழ்ந்து அவர் அமைந்துவிடவில்லை, நுட்பத்தை நோக்கினார். நம் பயிற்சிக் களங்களுக்கு வேண்டுவதும் அந்நோக்கே. இளைஞர்காள்! வீழ்த்தப் பயிலுமுன், தாழவும் காத்திருக்கவும் பயில்க!