வீட்டோடு விலைக்கு வரும் மௌனம்

திருவனந்தபுரத்தில் வீடு வாங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கும்பம், மீனம் மாதங்களின் வெயிலிலேதான் வீடு பார்க்கப் புறப்படுகிறார்கள். அப்போது சுவர்கள் உலர்ந்து, புதிதாகப் பூசிய சாயம் கண்ணைக் கவரும். கிரயப் பத்திரம் பதிவாகி, பால் காய்ச்சிக் குடிபுகுந்து, இடவப்பாதி மழை விடாமல் பெய்த பின்னரே, அஸ்திவாரத்திலிருந்து முழங்கால் உயரம் வரை ஓதம் ஏறிச் சாயம் கொப்புளங்களாகப் பொரிவதும், நகத்தால் சுரண்டினால் காரை மாவாக உதிர்வதும், மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி மஞ்சள் வளையமாக நீர்க்கறை படர்வதும் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. விற்றவரைக் கேட்டால், எல்லாம் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்கிறார். சுற்றத்தாரோ, வாங்கியாயிற்று, இனி என்ன செய்வது என்று ஆறுதல் கூறுகிறார்கள். அந்தப் பதிலும் இந்த ஆறுதலும் சட்டத்துக்கு உடன்பாடானவை அல்ல என்பதை ஜனங்கள் அறிந்தாக வேண்டும்.

1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, மாறான உடன்படிக்கை இல்லாத இடத்து, தமக்குத் தெரிந்ததும், வாங்குபவருக்குத் தெரியாததும், சாதாரண ஜாக்கிரதையால் அவர் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறைபாடு எதுவாயினும் அதை விற்பவர் தாமே எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர் என்று விதிக்கிறது. சொல்லாமல் விடுவது வெறும் அசிரத்தையன்று, மோசடியே என்றும் அதே பிரிவு தெளிவாக உரைக்கிறது. ஆகவே வாங்கியவர் வஞ்சியூரிலுள்ள சிவில் நியாயஸ்தலத்தை அணுகி, விக்கிரயத்தை ரத்துச் செய்து பணத்தைத் திரும்பப் பெறவோ, வீட்டை வைத்துக்கொண்டு நஷ்டஈடு பெறவோ கோரலாம். மோசடி வெளிப்பட்ட நாளிலிருந்தே மூன்று வருஷக் காலவரம்பு கணக்கிடப்படும். ஆயினும், குறைபாடு விற்பவருக்கு முன்பே தெரியும் என்று மெய்ப்பிக்கும் பாரம் வாங்கியவர்மீதே விழுகிறது என்பதையும், 'உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொண்டேன்' என்று பத்திரத்தில் நுழையும் ஒரு வரி வழக்கை எவ்வளவோ பலவீனப்படுத்திவிடக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

கட்டி விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கியிருந்தால் மார்க்கம் இன்னும் சுலபமானது. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று லக்னோ அபிவிருத்தி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இலேயே நிலைநாட்டியது. அதன் பயனாக, கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது ஜில்லா நுகர்வோர் ஆணையத்திலும், அதற்கு மேல் இரண்டு கோடி வரையில் மாநில ஆணையத்திலும், இரண்டு வருஷத்துக்குள் முறையிடலாம். அதனினும் வலிய ஆயுதம் 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம். அதன் 14ஆவது பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத்திறத்திலோ குறைபாடு சுட்டிக்காட்டப்பட்டால், கட்டியவர் அதை 30 நாளில் தம் சொந்தச் செலவில் சீர்செய்ய வேண்டும். தவறினால் நஷ்டஈடு தரவேண்டும். கொச்சி வைற்றிலாவில் ராணுவத்தினருக்காக எழுப்பப்பட்டு 2018இல் ஒப்படைக்கப்பட்ட சந்தர் குஞ்ச் அடுக்ககத்தில், சில ஆண்டுகளிலேயே கான்கிரீட் பெயர்ந்து விழத் தொடங்கிற்று. அங்கே குடியிருந்தோர் வாளாவிராமல் வழக்காடியதன் விளைவாக, இரண்டு கோபுரங்களை இடித்து மீண்டும் கட்டித்தரவும், அதுவரை மாதந்தோறும் 21,000, 23,000 ரூபாய் என வாடகை அளிக்கவும் கேரள உயர்நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் உத்தரவிட்டது.

எந்த மார்க்கத்தில் செல்வதாயினும், அதற்கு உயிர் சாட்சியமே. ஓதம் கண்ட உடனே கொத்தனாரை அழைத்துப் பூசி மறைப்பவர் தம் வழக்கையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார். தேதியுடன் புகைப்படம் எடுத்து, பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, தகுதி வாய்ந்த பொறியாளரின் அறிக்கையைப் பெற்று, வழக்குத் தொடுத்ததும் நியாயஸ்தலம் நியமிக்கும் கமிஷனர் வந்து பார்வையிட விண்ணப்பிப்பதே விவேகம். கூரை ஒழுகி அவசரமாய்ப் பழுதுபார்க்க நேர்ந்தால், பெயர்த்தெடுத்த காரையையும், செலவுக்கான ரசீதுகளையும், முன்பு அங்கே வேலை செய்தவர் சொல்லும் விவரத்தையும் பாதுகாத்து வைக்க வேண்டும்.

இவ்வளவு பாதுகாப்பும் அடுக்ககம் வாங்குகிற மத்தியதர வர்க்கத்தாருக்கே எளிதில் எட்டுகிறது என்பதுதான் என் மனக்குறை. 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 12 சென்டுக்கு, மேற்படாத நிலத்திலோ, எட்டுக்கு மேற்படாத வீடுகளாகவோ கட்டப்படும் திட்டம் ரியல் எஸ்டேட் சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையத்தில் பதிவு பெற வேண்டியதில்லை. நம் நகரத்தின் ஓரங்களிலோ, 10 சென்ட் நிலத்தை மூன்றாகப் பிரித்து, நெருக்கமாக மூன்று வீடுகளைக் கட்டி, வங்கிக் கடனை நம்பி வருகிறவர்களுக்கு விற்பது சர்வசாதாரணமான தொழிலாகிவிட்டது. ஆயுள் முழுவதும் சேமித்ததைக் கொட்டி அவ்வீடுகளை வாங்குகிற சிறு உத்தியோகஸ்தரும், வளைகுடாவிலிருந்து திரும்பிய தொழிலாளியும், பதிவின் காவல் இன்றி, நீண்ட வழக்கின் செலவையும் சலிப்பையும் தாங்கும் சக்தியும் இன்றி நிற்கிறார்கள்.

இதற்குப் பரிகாரம் தேட டில்லிக்குப் போகவேண்டியதில்லை. அந்த வரம்பைக் குறைத்துக்கொள்ளும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 3ஆவது பிரிவே மாநில அரசுக்கு அளித்திருக்கிறது. முத்திரைத் தீர்வையாக நூற்றுக்கு எட்டும், பதிவுக் கட்டணமாக நூற்றுக்கு இரண்டும் பெற்றுக்கொண்டு, 40 லட்ச ரூபாய் வீட்டில் 4 லட்சத்தை முதலிலேயே வாங்கிக்கொள்ளும் அரசு, அந்த அதிகாரத்தைச் சிறு வீடு வாங்குவோர் பொருட்டுப் பிரயோகிக்கக் கடமைப்பட்டது. அதனோடு, கசிவு, விரிசல், வெள்ளம் புகுந்த விவரம், நிலம் நெல்வயல் பட்டியலில் உள்ளதா என்ற விவரம் ஆகியவற்றைக் குறித்து விற்பவர் கையொப்பமிட்ட வாக்குமூலம் ஒன்றை ஒவ்வொரு கிரயப் பத்திரத்தோடும் இணைப்பதை நிர்ப்பந்தமாக்க வேண்டும். அவ்வாறு செய்தால், விற்பவருக்குத் தெரியுமா தெரியாதா என்று வருஷக்கணக்கில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் ஒரே காகிதத்தில் தீர்ந்துவிடும். 1882இல் எழுதிய நீதி, 5 சென்டில் வீடு வாங்குகிறவருக்கும் அனுபவத்தில் கிட்டும்.