கோட்டையோடு திரும்பலாமா?

நெய்வேலிச் சுரங்கத்து ஜெர்மன் எந்திரங்களைக் கண்டு வியக்கும் நம் மாணவர்கள், ஜெர்மானியர் தமிழ் கற்ற ஊர் சிதம்பரம், சீர்காழி தாண்டினால் வந்துவிடும் என்பதை எண்ணுவதில்லை. தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போகிறோம். 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டையைப் பார்த்து, கடற்கரையில் படம் எடுத்து, கட்டிவந்த புளிசாதத்தை உண்டு திரும்பிவிடுகிறோம். போதுமா?

டென்மார்க் மன்னர் அனுப்ப, 1706இல் அங்கு வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு. சிறுவர்களோடு சிறுவராய் அமர்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகினார். ஹாலே நகரில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713இல் வந்தன. அவை பெரியனவாய்க் காகிதத்தை விழுங்கவே, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். சமயம் பரப்ப வந்தவர்தாம், யார் மறுத்தார்? ஆனால் நம் தெய்வங்களைப் பற்றி அதே 1713இல் அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலை அச்சிட மறுத்தவர்கள், அவரை ஆதரித்த ஹாலேப் பெரியவர்களே! 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது.

அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். 1718இல் திறந்த புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. இரண்டும் கோட்டையிலிருந்து நடக்கும் தொலைவே. அடுத்த ஆண்டு சுற்றுலாப் பொறுப்பேற்கும் ஆசிரியப் பெருமக்கள் கோட்டைக்கு அரைமணி, அந்த வீதிக்கு அரைநாள் என ஒதுக்க வேண்டும்; தமிழ் மாணவர்க்கு மட்டுமன்று, வரலாற்று மாணவர்க்கும்.