மூன்றாம் வகுப்பில் நடக்க வேண்டிய சோதனை



கற்றல் குறைபாடு உள்ள குழந்தைக்கு அறிவில் குறைவில்லை. கண்ணும் காதும் சரியாகவே இருக்கும். எழுத்தைப் பார்த்ததும் அதற்குரிய ஒலியை எடுத்துக் கோப்பது போன்றவற்றில்தான் மூளை திணறுகிறது. வாசிப்பில் வரும் இந்தத் திணறல் டிஸ்லெக்ஸியா. எழுதுவதில் திணறினால் டிஸ்கிராஃபியா, கணக்கில் திணறினால் டிஸ்கால்குலியா. பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1896ஆம் ஆண்டே, கெட்டிக்காரனாக இருந்தும் வாசிக்க வராத 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதியிருக்கிறார்.

தமிழில் டிஸ்லெக்ஸியா தனி வடிவம் எடுக்கிறது. ‘கொ’வில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ நடுவிலுள்ள ககரத்தில் தொடங்குகிறது. கெ–கே, ல–ள–ழ குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், ஓரிரு ஆண்டில் தெளியும். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை நான்காம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டியே வாசிக்கும். வாய்வழியாகக் கேட்டால் சரியான பதில் சொல்லும் அந்தப் பிள்ளைக்கு ‘சோம்பேறி’, ‘படிப்பு ஏறாது’ என்ற பட்டங்கள் சூட்டப்படுவது கொடுமை.

1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் விட்டுவிட்ட கற்றல் குறைபாட்டை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. கூடிய விரைவில் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிப்பது பள்ளியின் கடமை என்கிறது பிரிவு 16. மூன்றாம் வகுப்பில் அல்லது 8 வயதில் சோதிக்கச் சொல்லியிருந்தன அச்சட்டத்தின் கீழ் வந்த 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள். ஆனால் பல பள்ளிகளில் பேச்சே எழுவது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போதுதான். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் தேவையானவையே. எனினும் அவை தேர்வு அறைக்குள் மட்டுமே உதவும், வாசிக்கக் கற்றுத்தருவதில்லை. தேர்ச்சி விழுக்காட்டைப் பேனரில் போட்டுப் பெருமைப்படும் கொங்கு மண்டலத்தில், வாசிக்கத் திணறும் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு முன்பே திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ கோவை லேத் பட்டறைக்கோ போய்விடுகிறது.

பயிற்சி தர ஆளில்லை என்று கோவையில் சொல்ல முடியாது. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனத்திலும் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்வி கற்பிக்கப்படுகிறது. அதைப் படித்து முடித்தவர்களோ வட்டார வள மையங்களில் தொகுப்பூதியத்தில் அமர்ந்து, பள்ளி பள்ளியாக அலைய வேண்டியிருக்கிறது. சிறப்பாசிரியர் பணியிடங்களை உருவாக்கி அறிவிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் அந்த இடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் தமிழிலேயே சோதித்து, முடிவைப் பெற்றோரிடம் எழுத்தில் தர வேண்டும்.

வாசகர்,
பீளமேடு, கோவை