தலையை எண்ணினால் போதுமா?

ஆரணிப் பட்டு என்றால் அறியாதார் இல்லை. புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட பட்டு அது. ஆனால், அந்தப் பட்டு நெய்யப்படுவது ஆரணிக் கடைவீதியிலே அல்ல. தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலான சுற்றுப்புற ஊர்களிலே, தாழ்வாரத்துத் தறிகளிலே நெய்யப்படுகிறது. பாவும் ஊடையும் சரிகையும் வாங்க ஆரணி வரவேண்டும். நெய்த சேலையை ஒப்படைக்கவும் ஆரணிதான் வரவேண்டும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர் நெசவாளி. பஸ்ஸுக்குக் காத்து நின்ற பொழுதுக்கு அவருக்குக் கூலி தருபவர் யார்?

போக்குவரத்து என்பது இங்கே வசதி அல்ல, வயிற்றுப்பாடு!

திருவண்ணாமலை மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்குப்படி, 24 இலட்சத்து 64 ஆயிரத்துச் சொச்சம். ஐந்தில் நால்வர் சிற்றூர்வாசிகள். அந்தக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டிலே ஒவ்வொரு ஊருக்கும் நேராகப் பஸ் உண்டா, இரயில் உண்டா என்ற கட்டங்கள் இருக்கின்றன. இல்லாத ஊருக்கு, 5 கிலோமீட்டருக்குள் கிடைக்குமானால் ‘ஏ’, பத்துக்குள் என்றால் ‘பி’, அதற்கும் அப்பால் என்றால் ‘சி’. ஒரே ஓர் எழுத்து! அந்த எழுத்துக்குப் பின்னே நடந்து தேய்ந்த கால்கள் எத்தனை என்பதற்குக் கட்டம் இல்லை.

சாலைக்கும் தலைக்கணக்கே அளவுகோல். 2000-இல் டில்லி தொடங்கிய கிராமச் சாலைத் திட்டம், சமவெளியிலே 500 பேராவது உள்ள குடியிருப்புக்கே சாலை என்றது. 2024 செப்டம்பரில் அத்திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். அளவு அதே 500. கணக்கோ 2011-ஆம் ஆண்டுக் கணக்கு! 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கை எடுக்காமல் விட்டவர்கள், பழைய கணக்கைக் காட்டிப் புதிய சாலையை அளக்கிறார்கள். அன்று 490 பேர் இருந்த குடியிருப்பு இன்று 600 ஆகியிருந்தாலும், ஏட்டிலே அது 490-தான். இது நியாயமா?

இன்னொரு கொடுமையும் உண்டு. வருமானம் இல்லை என்று பஸ்ஸை நிறுத்துவது; பஸ் இல்லை என்று இளைஞர்கள் ஊரைவிட்டுப் போவது; பிறகு, ஆளே இல்லாத ஊருக்குப் பஸ் எதற்கு என்று கேட்பது! காலை உடைத்துவிட்டு, நடக்கத் தெரியாதவன் என்று ஏசுவது போன்றதல்லவா இது?

தமிழகம் இதைச் சிந்திக்காமல் இல்லை. 1997-இல் கலைஞர் ஆட்சி சிற்றூர்களுக்கு மினி பஸ்களை அனுப்பியது. 2021-இல் சாதாரண நகரப் பஸ்களிலே பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆணை பிறந்தது. ஆனால், பஸ்ஸே வராத ஊரிலே கட்டணமில்லாப் பயணம் யாருக்குப் பயன்படும்? வழித்தடங்கள் கடைசிக் குடியிருப்பு வரை நீளவேண்டும். நம்மவர் செய்த நன்மை முழுமை பெற அதுவே வழி.

இரயில் கதையோ ஏளனத்துக்குரியது. ‘ஆரணி ரோடு’ என்று பெயர்ப்பலகை தாங்கிய நிலையம் இருப்பது களம்பூரிலே, ஆரணிக்கு 10 கிலோமீட்டருக்கும் அப்பால்! வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாகத் திண்டிவனம்–நகரிப் பாதை 2006-07 இரயில்வே நிதிநிலை அறிக்கையிலே இடம்பெற்றது. அன்று பிறந்த குழந்தை வாக்காளராகிவிட்டது. ஆரணிக்குள் இரயில் வந்தபாடில்லை. டில்லி இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

2027-க்கென அறிவிக்கப்பட்ட கணக்கெடுப்பு, தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடக் கூடாது. புதிய எண்ணிக்கை வந்ததும் விடுபட்ட குடியிருப்புகளின் பட்டியலைத் திருத்தட்டும். 500 என்ற வரம்போடு, தறி எத்தனை, பள்ளிக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர், மருத்துவமனை எத்தனை தொலைவு என்பதையும் சேர்த்து அளக்கட்டும். ஊராட்சி தோறும் கிராம சபையிலே இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புவது நமது கடமை. கேளாத செவியும் கேட்கும்வரை கேட்போம்!