கார்டைக் கழற்றி வைத்த கிரைண்டர்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கிரைண்டர் வைத்திருக்கும் சகோதரர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள். அவர்களுடைய உம்மாவோ மனைவியோ வாசித்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் அவர்கள் சொன்னால்தான் கேட்பார்கள், நான் சொன்னால் "சேர் கிளாஸ் எடுக்கிறார்" என்று போய்விடுவார்கள்.

2022 நெருக்கடிக்குப் பிறகு நம் ஊரில் நல்ல ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. கதவு நிலை, ஜன்னல், கட்டில் எல்லாவற்றுக்கும் விலை ஏறியது. ஓடாவியாரின் நாள் கூலியும் ஏறியது, அது நியாயம்தான். அதனால் பலர் தாங்களே மெசின் வாங்கி, வீட்டு முற்றத்திலும் குசினிக்குப் பின்னால் போட்ட தகரக் கொட்டிலிலும் மர வேலை செய்யத் தொடங்கினார்கள். புத்தக ராக்கை, கோழிக்கூடு, பிள்ளைக்குப் படிக்கிற மேசை. சிலர் அதையே சின்ன வருமானமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். தொழினுட்பப் பாடம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் இதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோசம். ஆகவே மெசினைத் தொடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை.

நான் சொல்ல வருவது இரண்டு விடயம். கிரைண்டரில் பல் வைத்த பிளேட்டைப் பூட்டி மரம் வெட்டுவதை நிறுத்துவோம். கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வதைக் கெட்டித்தனம் என்று நினைப்பதையும் நிறுத்துவோம்.

இந்த நாலு அங்குலக் கிரைண்டர் எதற்குச் செய்யப்பட்டது? இரும்பைத் தேய்க்க, இரும்பையும் டைல்சையும் வெட்ட. அது நிமிடத்துக்குச் சுமார் 11,000 தடவை சுற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பிளேட்டின் ஓரம் மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. மரம் வெட்டுவதற்கென்றே செய்த வட்ட வாள் மெசின் ஏறக்குறைய அதில் பாதி சுற்றுத்தான், சுமார் 5,000. அதன் அடியில் தட்டையான தகடு ஒன்று இருக்கிறது, அது மரத்தின்மேல் படிந்து மெசினை ஆடாமல் வைத்திருக்கும். கீழ்க் கார்ட் ஸ்பிரிங்கில் இயங்கும், மரத்தை விட்டு எடுத்தவுடன் தானாக மூடும். விரலை எடுத்தால் கரண்ட் நிற்கும். கிரைண்டரில் இந்த மூன்றில் எது இருக்கிறது? படிய வைக்கத் தகடு இல்லை. தானாக மூடும் கார்ட் இல்லை. நம் வீடுகளில் இருக்கும் அநேகமான கிரைண்டர்களில் சுவிட்சை முன்னால் தள்ளினால் அப்படியே பூட்டிக்கொள்ளும். கையை விட்டுப் பாய்ந்தாலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

இனிப் பல் வைத்த பிளேட்டுக்கு வருவோம். இரும்பு வெட்டும் டிஸ்க் உராய்ந்து தேய்த்துக்கொண்டு போகும். பல்லோ கடித்து இழுக்கும். வெறும் கையில் பிடித்திருக்கும் மெசின் ஒரு நூல் சரிந்தாலும் பிளேட் மரத்துக்குள் இறுகும். மரத்தில் ஒரு கணு, பழைய வீட்டு மரத்தில் ஓர் ஆணி, இவையும் போதும். இறுகிய பிளேட் நிற்காது, மெசினையே எதிர்ப்பக்கம் எறியும். அந்தப் பக்கத்தில் இருப்பது உங்கள் தொடை, வயிறு, கழுத்து, முகம். அது பாய்ந்த பிறகு கையை இழுக்க நேரம் கிடையாது, எவ்வளவு பலமான கையாக இருந்தாலும் சரி.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. நல்ல கம்பனிகளின் கிரைண்டரோடு வரும் கையேட்டை எடுத்துப் பாருங்கள். பல் வைத்த வாள் பிளேட்டை இதில் பூட்ட வேண்டாம், அடிக்கடி எகிறும், கட்டுப்பாடு போகும் என்று எழுதியிருப்பார்கள். நாம் அந்தப் புத்தகத்தைப் பெட்டியோடு சேர்த்து அலுமாரிக்கு மேலே போட்டுவிடுகிறோம். அதே பெட்டிக்குள்தான் கார்டும் கிடக்கிறது!

அதைவிட மோசம், நாலு அங்குல மெசினில் ஏழு அங்குல பிளேட். கார்ட் இருந்தால் அது உள்ளே போகாது, ஆகவே கார்டைக் கழற்றுகிறார்கள். அந்தப் பெரிய பிளேட்டின் முகத்திலேயே அது தாங்கக்கூடிய ஆகக்கூடிய சுற்று எத்தனை என்று அச்சடித்திருக்கும். மெசினின் சுற்று அதைவிடக் கூடுதலாக இருந்தால் பல் தெறித்துப் பறக்கலாம். கண்ணாடி போடாதவர் கண்ணுக்கு அது எப்படி வரும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் இருந்த நேரம், வாப்பாவுக்கு உதவி செய்யப் போய் இடது கையில் இரண்டு விரலை இழந்தான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பலா மரப் பலகை. பிடிக்க ஆள் இல்லை, வெறுங்காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு வெட்டியிருக்கிறான். மெசின் எகிறி, கால் தப்பியது, கை தப்பவில்லை. "பழகின கைதானே சேர், வாப்பா நாலு வருசமா அதாலதான் வெட்டுறார்" என்று அவன் சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது. நாலு வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்பதை நாம் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறோம்.

சம்பவம் நடந்த வீட்டுக்குப் போனால் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வோம், அல்லாஹ்வின் ஏற்பாடு. ஆறுதலுக்குச் சொல்வது சரி, ஈமானும் அதுதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன விடயம் மத்ரசாவில் ஓதிய சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கார்டைக் கழற்றுவது ஒட்டகத்தைக் கட்ட மறந்தது போல அல்ல. கம்பனிக்காரன் கட்டி அனுப்பிய கயிற்றை நாமே உட்கார்ந்து அவிழ்ப்பது.

"ஓடாவிமாரே கார்ட் இல்லாமத்தானே வேலை செய்றாங்க" என்பார்கள். உண்மைதான். இன்னொரு காரணமும் சொல்வார்கள், கார்ட் இருந்தால் வெட்டுகிற கோடு தெரியாது என்று. அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஏனென்றால் அது கோடு பார்த்து மரம் வெட்டச் செய்த மெசினே இல்லை! உங்களுக்குத் தெரிந்த வயதான ஓடாவிமாரிடம் பத்து விரலும் முழுசாக இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவர்களில் முழுசாக இருப்பவர்கள்தான் கார்டைப் பற்றிக் கூடப் பேசுகிறவர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? நீளப் பலகை கிழிக்க வேண்டுமா, மர ஆலையில் கொடுத்துக் கிழித்து எடுங்கள். வளைவு வெட்ட ஜிக்சோ போதும். அடிக்கடி வேலை செய்கிறவர் என்றால் பணம் சேர்த்து வட்ட வாள் வாங்குங்கள், அல்லது நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். வருடத்துக்கு இரண்டு தடவைதான் வெட்டுகிறவருக்குக் கை வாள் தாராளம். கை வாள் எகிறாது.

வட்ட வாள் வாங்கியவுடன் அதைத் தலைகீழாக மேசையில் பூட்டும் ஐடியா யூடியூப் பார்த்து வருகிறது. அதற்கும் கீழ்க் கார்டைக் கம்பியால் கட்டிவைப்பார்கள். பிளேட்டுக்குப் பின்னால் நின்று வெட்டிய பிளவை மூடவிடாமல் பிடிக்கும் சின்னத் தகடும் அதில் இருக்காது. பிளவு மூடி மரம் பிளேட்டில் இறுகினால், பின்பக்கப் பல் மேலே ஏறும்போது பலகையைத் தூக்கி உங்கள் வயிற்றை நோக்கி எறியும். பலகைக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். கடைசித் துண்டைக் கையால் தள்ளாதீர்கள், நுனியில் வெட்டு வைத்த ஒரு கட்டையால் தள்ளுங்கள். இங்கே கையுறையும் வேண்டாம். நிறையப் பேருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். சுற்றுகிற பிளேட்டிலோ ட்ரில்லிலோ துணி நூல் ஒன்று சிக்கினாலும் கையுறையோடு கையும் உள்ளே போகும். சாரனுக்கும் தொங்குகிற ஷோலுக்கும் இதே கதைதான்.

கரண்டைப் பற்றி. வயர் நுனியைச் சீவி, தீக்குச்சி வைத்து பொயின்டுக்குள் செருகுவதை இன்னும் பார்க்கிறேன். 13 அம்பியர் பிளக் ஒன்றின் விலை ஒரு நாள் தேத்தண்ணிச் செலவு. ட்ரிப் சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள், விழவில்லை என்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். கரண்ட் போனால் முதல் வேலை மெசினின் சுவிட்சை அணைத்து பிளக்கைக் கழற்றுவது. 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்களைக் கண்டவர்கள் நாம். சுவிட்ச் பூட்டியபடி தரையில் கிடக்கும் கிரைண்டர், கரண்ட் வந்ததும் தன்பாட்டில் ஓடும். பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று அதற்குத் தெரியாது. பிளேட் மாற்றும்போதும் அப்படித்தான். கல்வியியல் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர், பிளேட் மாற்றுகிறவனின் கண்ணுக்கு முன்னால் பிளக் கிடக்க வேண்டும் என்பார். சுவிட்சை அணைத்தேன் என்ற பேச்சை அவர் ஏற்கவே மாட்டார்.

இந்தப் பதிவை இப்போது எழுதக் காரணம் நோன்பு வருகிறது. கடைசிப் பத்தில் நம் ஊரில் எத்தனை வீட்டில் பெருநாளைக்கு முன் கதவு மாற்ற வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும் என்று அவசரம் நடக்கும் என்று தெரியும்தானே. இரவு தூக்கமில்லை, பகல் தண்ணீர் இல்லை, அஸருக்குப் பிறகு மெசினைத் தூக்குகிறோம். வெட்டுகிற வேலையை மட்டும் நோன்புக்கு முன்னரே முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் காலையில், உடம்பில் தென்பு இருக்கும்போது செய்யுங்கள். ஒரு பெருநாள் பழைய கதவோடு போனால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

மரத்தூளையும் லேசாக எடுக்காதீர்கள். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் உறுதியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. கொரோனா காலத்து மாஸ்க் வீட்டில் மீதி இருக்கும், ஒன்றுமில்லாததற்கு அதையாவது போடுங்கள்.

அல்லாஹ் பாதுகாக்க வேண்டும், விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள், 1990 ஐ அழையுங்கள். துண்டான விரலைச் சற்று ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு இறுக்கமாகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரலை நேராக ஐசுக்குள் போட்டால் அது கெட்டுவிடும்.

ஹார்ட்வெயார் வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். மர பிளேட் கேட்டு வருகிறவரிடம் "எந்த மெசினுக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கிரைண்டருக்கு என்றால் விற்காதீர்கள். வியாபாரத்தில் நட்டம் பெரிதாக வராது. மெசின் இரவல் கொடுக்கிறவர்களும் கார்டோடு கொடுங்கள், கார்டோடு திருப்பி வாங்குங்கள்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் வீட்டில் இருப்பேன். கார்ட் பூட்டத் தெரியாதவர்கள், ஸ்குரூ தொலைத்தவர்கள் மெசினைக் கொண்டு வாருங்கள், பூட்டித் தருகிறேன். காசு வேண்டாம். பெட்டியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள், கார்ட் அநேகமாக அதற்குள்தான் கிடக்கும்.