பிளஸ் ஒன்னின் இரண்டாம் தொகுதி

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கான தயாரிப்பு, அறிவியல் பிரிவைப் பொறுத்தவரை, பிளஸ் ஒன் பாடநூல்களின் இரண்டாம் தொகுதியில் தொடங்குகிறது. பிளஸ் ஒன் கணிதத்தில் கடைசிக்கு முந்தைய பாடம் தொகை நுண்கணிதம். அது கைவராத மாணவர் அடுத்த ஆண்டு வகைக்கெழுச் சமன்பாடுகளில் தடுக்கி விழுவார். இயற்பியலில் கடைசிப் பாடம் அலைகள். பிளஸ் டூவின் அலை ஒளியியலுக்கு வாசல் அதுதான். வேதியியலில் கரிம வினைகளின் அடிப்படைகள் பன்னிரண்டாம் அலகில் வருகின்றன. ஹைட்ராக்ஸி சேர்மங்கள், கார்பனைல் சேர்மங்கள், கரிம நைட்ரஜன் சேர்மங்கள் என்று பிளஸ் டூவின் பின்பாதியில் வரும் மூன்று அலகுகளுக்கும் அவையே வேர்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பள்ளிகளில் இந்தப் பாடங்கள் வந்து விழும் காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை விடுமுறைகளில் கைவிட்டுப் போன நாட்களை ஈடுகட்டிக்கொண்டிருக்கும்போதே அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். பொங்கல் முடிந்தால் சம்பா அறுவடை. இப்போது அறுப்பதற்குப் பிள்ளைகளின் கை தேவையில்லை, இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் நெல்லைக் காயவைத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போடும் வரை குவியலுக்குக் காவல் வேண்டும். அப்பா பகல் முழுக்க அலைந்திருப்பார். இரவில் படுதாவுக்குப் பக்கத்தில் படுப்பது பதினாறு வயதுப் பையன். காலை முதல் பீரியடில் அவன் கண் சொக்கினால் அதைச் சோம்பல் என்று எழுதிவிட முடியாது. அதே வாரங்களில் முதுகலை ஆசிரியரும் பிளஸ் ஒன் வகுப்பில் முழுதாக இருப்பதில்லை. பிளஸ் டூ திருப்புதல் தேர்வு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, வெளிப்பள்ளிப் பணி என்று அவர் நாட்கள் போய்விடுகின்றன. கூடுதல் நேரம் எடுத்துச் சமாளிக்கலாம் என்றால், மாலைச் சிறப்பு வகுப்பு எப்போது முடியும் என்பதைத் தீர்மானிப்பது பாடமல்ல, ஒரத்தநாட்டுப் பக்கமோ பேராவூரணிப் பக்கமோ போகும் கடைசி நகரப் பேருந்து. ஆகவே தொகை நுண்கணிதம் நான்கு வகுப்புகளில் ‘முடிக்கப்படுகிறது’.

பிளஸ் ஒன் பாடத்தில் விழும் இந்த இடைவெளி மேல்நிலைக் கல்வியோடு கூடப் பிறந்தது. கல்லூரிகளில் ஓராண்டாக இருந்த பி.யூ.சி. போய், 1978இல் பள்ளிகளில் ஈராண்டு மேல்நிலை வகுப்பு வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது. ஆண்டு இரண்டு, பொதுத்தேர்வு ஒன்று. முதலாண்டுக்குப் பள்ளி அளவிலான தேர்வு மட்டுமே என்பதால், சில தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் நூலைத் திறக்காமலே இரண்டாண்டும் பிளஸ் டூ பாடத்தை நடத்தின. இதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பாடத்துக்கு 200 என்றிருந்த மதிப்பெண் 100 ஆனது, மொத்தம் 1200 என்பது 600 ஆனது. அடுத்த ஆண்டே உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் ஒன் மதிப்பெண் வேண்டாம் என்று முடிவானபோது அந்தத் தேர்வின் பாதி உயிர் போய்விட்டது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதை ஒட்டி, 2025-26 முதல் தேர்வே நீக்கப்பட்டது. பதினாறு வயதில் ஒரு பொதுத்தேர்வின் பாரம் குறைந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மருத்துவச் சேர்க்கைக்கான நீட் வினாத்தாளிலிருந்து பிளஸ் ஒன் பாடம் நீங்கவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குப் போட்டியிடுபவரும் அதே வினாத்தாளைத்தான் எழுத வேண்டும்.

காவிரி டெல்டாவில் இப்போதைய பாடநூல்களை முதலில் பெற்றுக்கொண்ட அணி 2018-19இல் பிளஸ் ஒன் சேர்ந்தது. புதிய பாடத்திட்டம் அறிமுகமான ஆண்டு அது. இரண்டாம் தொகுதியைப் பிரிக்கும் நேரத்தில், 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னை சாய்ந்தது. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஓட்டு வீடுகளில் புத்தகம் நனைந்தது. அந்த அணிதான் 2020 மார்ச் 24 வரை, ஊரடங்கின் வாசலில் நின்று, பிளஸ் டூ எழுதியது. கடைசி நாள் வர முடியாதவர்களுக்கு ஜூலை 27இல் மறுதேர்வு. அதற்கு அடுத்த அணிக்கு 2021இல் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 சதவீதம் என்று மதிப்பெண் கணக்கிடப்பட்டது. யாருக்கும் வேண்டாத பிளஸ் ஒன் மதிப்பெண் அந்த ஒரு முறை உதவிக்கு வந்தது.

பிளஸ் ஒன்னில் விட்ட குறை பிளஸ் டூ விடைத்தாளில் எப்படித் தெரிகிறது என்பதை, திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். ஐந்து மதிப்பெண் வினா: மாறிகளைப் பிரித்துத் தீர்க்க வேண்டிய வகைக்கெழுச் சமன்பாடு. மாணவர் மாறிகளைச் சரியாகப் பிரிக்கிறார். அது பிளஸ் டூவில் கற்றது. பகுதியில் ஒன்றுடன் ஒய் வர்க்கம் நிற்கும் தொகையீடு வருகிறது. டேன் இன்வர்ஸ் ஒய் என்று எழுத வேண்டிய இடத்தில் லாக் எழுதுகிறார். பகுதியில் எது இருந்தாலும் லாக் என்பது அவர் பிளஸ் ஒன் பிப்ரவரியில் அள்ளிக்கொண்ட விதி. முதல் படிகளுக்கு ஓரிரண்டு மதிப்பெண், மீதி போயிற்று. இந்த மாணவருக்கு வகைக்கெழுச் சமன்பாட்டில் இன்னும் பத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவது, வலி ஓரிடம் மருந்து ஓரிடம்.

வேதியியலில் இது வேறு உருவில் வரும். லூகாஸ் சோதனையை எல்லாரும் மூன்று வரியாக ஒப்பிப்பார்கள்: மூவிணைய ஆல்கஹால் உடனே கலங்கும், ஈரிணையம் ஐந்து பத்து நிமிடத்தில், ஓரிணையம் அறை வெப்பநிலையில் கலங்காது. ‘ஏன்?’ என்று கேட்டால் பேனா நின்றுவிடும். காரணம் கார்பன் நேரயனியின் நிலைப்புத்தன்மை. அது பிளஸ் ஒன்னில் இருக்கிறது. 70 மதிப்பெண் அறிவியல் தாளில் இரண்டு மதிப்பெண்ணிலும் மூன்று மதிப்பெண்ணிலும் தலா ஒரு கட்டாய வினா உண்டு. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா என்று முன்பே சொல்லும் ப்ளூபிரிண்ட் கைவிடப்பட்ட பிறகு எந்தப் பாடத்தையும் விட்டுவிட்டு முழு மதிப்பெண் எதிர்பார்க்க வழியில்லை.

பரிகாரம் பாட வரிசையில் இருக்கிறது. நூலில் உள்ள வரிசையிலேயே நடத்த வேண்டிய கட்டாயம் கணிதத்துக்கு இல்லை. சார்புகளும் முக்கோணவியலும் முடிந்ததும் எல்லை, வகையிடல், தொகையிடல் என்று தாண்டி, அவற்றை அடைமழைக்கு முன்பே பெருமளவு முடித்துவிடலாம். சேர்ப்பியல், அணிகள், நிகழ்தகவு ஆகியவை ஜனவரிக்குக் காத்திருக்கட்டும். அணிகளில் குறை நின்றாலும் பிளஸ் டூவின் முதல் பாடமே அணிகள்தான், ஜூனில் சரிசெய்துகொள்ளலாம். இதில் இயற்பியல் ஆசிரியருக்கும் லாபம் உண்டு. இயக்கவியலுக்கு வகையிடலும் தொகையிடலும் தொடக்கத்திலேயே வேண்டும். இப்போது அவரே கணித ஆசிரியர் வேலையைப் பாதி பார்க்கிறார். வேதியியலில் கரிமத்தின் இரு அடிப்படை அலகுகளை அக்டோபருக்கு முன்னே இழுத்து, சுற்றுச்சூழல் வேதியியலைக் கடைசிக்குத் தள்ளலாம். காலாண்டுக்குப் பொதுவான வினாத்தாள் வந்தால் அதன் போர்ஷன் நூல் வரிசையில் இருக்கும் என்பதுதான் தடை. அதைப் பாட ஆசிரியர்கள் ஒன்றாகச் சேர்ந்து மாவட்ட அளவில் பேசித் தீர்க்க வேண்டும். தனி ஒருவர் மாற்றினால் அவருடைய மாணவர்தான் காலாண்டில் அடிபடுவார்.

ஆண்டுத் தேர்வு இனிப் பள்ளியின் கையில். அந்த வினாத்தாளில் பாதியாவது இரண்டாம் தொகுதியிலிருந்து வர வேண்டும். மதிப்பெண் பட்டியலோடு, எந்த வினா எத்தனை பேருக்கு வரவில்லை என்ற குறிப்பும் பிளஸ் டூ ஆசிரியருக்குப் போக வேண்டும். பல பள்ளிகளில் இருவரும் ஒரே ஆள்தான். அப்போதும் எழுதி வைப்பது நல்லது. ஜூனில் முதல் பத்து நாள் அந்தக் குறிப்பைக் கொண்டு வகுப்பு நடக்கலாம். லூகாஸ் சோதனைக்கு அப்போதே ஆய்வகத்தில் மூன்று குழாய் வைத்துவிடலாம். உடனே கலங்கும் குழாயையும் கலங்காத குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த மாணவர், கார்பன் நேரயனிப் பாடத்தைத் தாமே தேடி எடுப்பார்.