நாற்சார் வீடும் நாள் வாடகையும்

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீதிகளிலும் வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிடையே ஒரு வினா அடிக்கடி எழுகின்றது. "ஊர் வீட்டை என்ன செய்வது?" என்பதே அது. விற்றுவிட மனம் ஒப்பாது. பூட்டி வைக்கலாமென்றால், கறையான் பூட்டைக் கண்டு திரும்பிப் போவதில்லை. தம்பி இலண்டனில், தங்கை றொறன்ரோவில், மூத்தவர் கொழும்பில்; ஊரிலே எஞ்சியிருப்பவர் திறப்பை வைத்திருக்கும் அயலவர் ஒருவர் மாத்திரமே. இந்நிலையில் மூன்றாவது வழியொன்று இப்போது பேசப்படுகின்றது. பழைய வீட்டைத் திருத்தி, குளியலறைகள் அமைத்து, வரும் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதே அவ்வழி.

இதற்குக் காலமும் இடங்கொடுத்திருக்கின்றது. கண்டி வீதி 2009 இல் மீண்டும் திறக்கப்பட்டது; 1990 இல் நின்றுபோன யாழ்தேவி 2014 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது; பலாலியிலிருந்து சென்னைக்கு 2019 இல் தொடங்கி இடையில் நின்ற வான்பயணம் 2022 டிசம்பரில் மறுபடியும் தொடங்கிற்று. பழைய குடும்ப வீடுகள் சில ஏற்கெனவே சிறு விடுதிகளாகிவிட்டன. போர்க் காலப் பதுங்குகுழியை அப்படியே பேணி விருந்தினருக்குக் காட்டும் விடுதியும் யாழ்ப்பாணத்தில் உண்டு. அதைக் காட்சிப்பொருளாகக் காண நம் மனம் கூசினாலும், மண்ணிட்டு மூடியிருந்தால் மாத்திரம் மனம் ஆறியிருக்குமோ என்பது வேறு விஷயம்.

இத்தொழிலுக்கு முன்மாதிரி தேடுவோர் பிரான்சு தேசத்தையே முதலிற் சுட்டுவர். அங்குள்ள கதை நாம் கேட்கத் தக்கது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சுக் கிராமங்கள் வெறிச்சோடின. இளைஞர் நகரங்களுக்குச் சென்றனர். கல்வீடுகளும் தொழுவங்களும் பாழடைந்தன. ஆல்ப்சு மலைச்சாரலில் 1951 இல் முதலாவது கிராம விடுதி திறக்கப்பட்டது. 'ஜீத்' என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். 1955 இல் அத்தகைய விடுதிகளுக்கென ஒரு நாடளாவிய சம்மேளனமும் உருவாயிற்று. பாழ்வீட்டைத் திருத்தும் விவசாயிக்கு அரசாங்கம் பொருளுதவி செய்தது. நகரத் தொழிலாளி குறைந்த செலவிற் குடும்பத்துடன் விடுமுறையைக் கழிக்க, விவசாயிக்கு உழவோடு இன்னொரு வருமானமும் கிடைத்தது. இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வீட்டுக்காரர் அந்த ஊரிலேயே இருந்தார். விருந்தினர் பால் வாங்கியது அவருடைய தொழுவத்தில். பணம் தங்கியது அந்தக் கிராமத்தில்.

பின்னர் காட்சி மாறிற்று. 1980-களிலிருந்து ஆங்கிலேயர் பெருந்தொகையாய் வந்து, தோர்தோன், பிரித்தானி முதலிய பகுதிகளில் இடிந்த பண்ணைவீடுகளை மலிந்த விலைக்கு வாங்கித் திருத்தலாயினர். 1989 இல் பீற்றர் மெயில் என்னும் ஆங்கில எழுத்தாளர் புரோவான்சில் தாம் வீடு திருத்திய ஓராண்டுக் கதையை எழுத, அந்நூல் உலகெங்கும் விற்பனையாயிற்று. அதைப் படித்தவர்கள் அவருடைய வாசலுக்கே வந்து நின்றமையால், அவரே சில காலம் அவ்விடத்தை விட்டு அகல நேர்ந்ததாம்! கூரைகள் செப்பனிடப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் விடுமுறைப் பயணிகள் மிகுந்து நாடும் ஊர்களில், அவ்வூர் இளந்தம்பதியர் குடியிருக்க வீடு பெறுவது அரிதாயிற்று. 2024 நவம்பரில் பிரெஞ்சு நாடாளுமன்றம் குறுங்கால வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை நிறைவேற்றியது. ஒருவர் தாம் வசிக்கும் வீட்டை ஆண்டில் 120 நாட்கள் வரை பயணிகளுக்கு விடலாமென்று இருந்ததை 90 நாட்களாகக் குறைக்கும் அதிகாரத்தை அது ஊராட்சிகளுக்கு வழங்கிற்று. ஊரை வாழவைக்கத் தொடங்கிய முயற்சிக்கு ஊரைக் காக்கவே வேலி போட வேண்டியதாயிற்று.

இடையில் ஒரு சிறு செய்தி. யாழ்ப்பாணத்துக் கூரைகளில் நாம் பெருமையோடு காட்டும் மங்களூர் ஓட்டின் மூதாதையும் பிரெஞ்சுக்காரனே. ஆல்சேஸ் பகுதியிற் கிலார்தோனி சகோதரர் 1841 இல் உரிமம் பெற்ற, ஒன்றையொன்று கொளுவிக்கொள்ளும் ஓட்டின் வடிவத்தைத் தழுவியே, பாசல் மிஷனார் 1860-களில் மங்களூர்க் களிமண்ணில் ஓடு சுட்டனர். ஆகவே பிரெஞ்சுக் கூரைக்கும் நம் கூரைக்கும் உறவு புதிதன்று.

நம் தீவிலேயே காலிக் கோட்டையைப் பார்க்கலாம். 1988 இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்ட அக்கோட்டைக்குள், அந்நியர் காணி வாங்குவதற்கு இருந்த நூறு வீத வரி 2002 இல் நீக்கப்பட்டதும், வெளிநாட்டார் பலர் வீடுகளை வாங்கினர். 2004 இல் வரி திரும்பவும் வந்தது. அதற்குள் கைமாறியவை கைமாறியவையே. இன்று அங்கே சுவர்கள் பளிச்சென்றிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருந்த முஸ்லிம், சிங்களக் குடும்பங்களிற் பல விற்றுவிட்டு மதிலுக்கு வெளியே போய்விட்டன. உள்ளே நடப்பவர் பெரும்பாலும் விடுதிகளையும் ஆபரணக் கடைகளையுமே காண்பர்.

செட்டிநாட்டின் நிலை இன்னும் நமக்கு நெருக்கமானது. கொழும்புச் செட்டியார் தெருவிலும் பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய செல்வத்தாற் கட்டப்பட்ட மாளிகைகள் அவை. பர்மாத் தேக்குத் தூண்களை நிறுத்தியவர்களின் பேரர்கள் இன்று ஒரே வீட்டிற் பற்பல பங்காளிகள். பங்கு ஒத்துவராத இடத்தில் தூண்களும் கதவுகளும் கழற்றப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்குச் சென்றன. ஒத்துவந்த இடத்தில் வேறு கதை. காரைக்குடியில் ஒரு குடும்பமே தன் பழைய பங்களாவை 1999 இல் விடுதியாக்கி, தன் சமையலையும் உபசரிப்பையும் தானே மேற்பார்வை செய்துவந்தது. கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் என்னும் மாளிகையைப் புதுப்பித்தவர்கள் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவர். மரத்துக்கும் சுண்ணாம்புக்கும் அவர்கள் காட்டிய மரியாதையை நம்மவர் பலர் காட்டவில்லை என்பதைச் சொல்லாமலிருப்பது நேர்மையாகாது.

இனி நம் நாற்சார் வீட்டுக்கு வருவோம். நடுவே வானம் பார்த்த முற்றம், நாற்புறமும் விறாந்தை, சுண்ணாம்புக்கற் சுவர், பனை வளையும் சிலாகையும் தாங்கிய கூரை, வாசலிலே வழிப்போக்கர் இளைப்பாறச் சங்கடப்படலை — இவற்றைத் திருத்துவது கடினமே ஆயினும், கைதேர்ந்த ஓடாவியும் மேசனும் கிடைத்தால் இயலும். அவசரக்காரர் செய்யும் பெரும்பிழை, பழஞ்சுவருக்குச் சீமெந்து பூசுவது. சுண்ணாம்பால் எழுந்த சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சீமெந்து அதன் மூச்சை அடைத்துவிடும். உப்பு உள்ளே தேங்கி, சில மாரி கழிந்ததும் பூச்சோடு கல்லும் பொரிந்து உதிரும். சுண்ணாம்பைப் பதப்படுத்தி, பனங்கட்டிக் கரைசல் சேர்த்துக் குழைக்கும் முறை தெரிந்தவர் அருகி வருகின்றனர். ஒரு வீட்டைத் திருத்தும்போது இரண்டு இளைஞர் அத்தொழிலைக் கற்றுக்கொண்டால், அதுவே அவ்வீட்டால் ஊருக்குக் கிடைக்கும் முதல் வாடகை.

கல்லையும் மரத்தையும் விடச் சிக்கலானது உறுதி. நம்மவரின் ஊர்வீடு பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமானதன்று. பாட்டியின் சீதன உறுதியில் தொடங்கி, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்குமாகப் பிரிபடாப் பங்குகள் கிளைத்து, நான்கு கண்டங்களிற் பரந்து கிடக்கும். பங்காளி ஒருவர் தம் பங்கைப் பிறருக்கு விற்க நினைத்தால், ஏனைய பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் அதை முதலில் வாங்கும் உரிமை தேசவழமையில் உண்டு. 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதனை ஒழுங்குபடுத்தியது. இதற்கு மேல், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் வந்தது. இலங்கைக் குடியுரிமை இல்லாதவருக்குக் காணியை விற்க முடியாது. 99 ஆண்டுகள் வரை குத்தகைக்குக் கொடுக்கலாம்.

காலியிற் கண்ட கேட்டை இச்சட்டம் தடுக்கக்கூடும். ஆயின் நம் தங்கையும் அதே வலையில் அகப்படுகின்றாள். கனடாக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்தவள் சட்டத்தின் கண்ணில் அந்நியளே. தாயின் வீட்டை அவள் மரணசாதனத்தாலோ உரித்தாலோ நன்கொடையாலோ பெறலாம். தன் காசு கொடுத்து வாங்க இயலாது. இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு இத்தடை இல்லை. ஆகவே கூரைக்கு ஓடு தெரிவதற்கு முன் நொத்தாரிசுவிடம் போவதே முறை. பலர் ஓட்டிலேயே தொடங்குகின்றனர். வீடு திருந்தி வருமானம் வரத் தொடங்கிய பின்னரே, அதுவரை மறந்திருந்த பங்காளிகளுக்குப் பாட்டியின் ஞாபகம் வருகின்றது. பிறகு பிரிவினை வழக்கு.

அற்றோணித் தத்துவத்தை ஒருவரிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்ததென்று எண்ணுவோரும் உளர். அயலவரோ தூரத்து உறவினரோ பத்தாண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்து, தமக்கே சொந்தமென ஆட்சியுரிமை கோரும் வழக்குகள் போருக்குப் பின் எழுந்தமையாலேயே, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அக்கணக்கிற் சேர்க்காது விட 2016 இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஆனால் மறுபக்கத்தையும் நோக்குதல் நியாயம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் சனங்கள் இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தவர்களிற் பலர் தமக்கு வீடின்றிப் பிறர் வீட்டிலே ஒதுங்கி, முற்றத்தைக் கூட்டி, விளக்கேற்றி, அவ்வீடு விழாமற் காத்தவர்கள். இப்போது விடுதியாக்கப் போகின்றோமென்று ஒரு மாதத் தவணையில் அவர்களை எழுப்பும் போது, சட்டம் நம் பக்கம் இருக்கலாம். மனச்சாட்சி எந்தப் பக்கமென்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

கிணற்றையும் மறத்தலாகாது. குடாநாட்டில் ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை சுண்ணாம்புக்கற் பாறைக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாய் மிதக்கின்றது. துலாவால் அள்ளியபோது அது தன்னைத் தானே நிரப்பிக்கொண்டது. ஐந்து அறை, ஐந்து குளியலறை, புற்றரை, நீச்சற் குளம் என்று நீரிறைக்கும் இயந்திரம் ஓயாது ஓடினால், உப்பு மேலேறும். அது அடுத்த வளவின் தோட்டக்காரனுடைய கிணற்றிலும் ஏறும். மலக்குழி பெருகினால் நிலத்தடி நீர் இன்னொரு வகையிலும் கெடும். 2024 ஆகஸ்டில் தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது உண்மையே. அதற்காக நாற்சார் முற்றத்தை நீச்சற் குளமாக்குவதை நாம் ஆதரிக்க மாட்டோம்.

வருமானக் கணக்கிலும் நிதானம் வேண்டும். இத்தீவுக்கு 2018 இல் வந்த உல்லாசப் பயணிகள் 23 இலட்சத்து 33 ஆயிரம் பேர். 2021 இல் வந்தோர் 1 இலட்சத்து 94 ஆயிரம் பேர் மாத்திரமே. 2024 இல் 20 இலட்சத்து 53 ஆயிரமாக மீண்டது. இவர்களில் வடக்குக்கு வருவோர் சிறுதொகையினரே. வங்கிக் கடனில் வீடு திருத்தியவர் இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன பாடு பட்டிருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் இம்முயற்சியே வேண்டாமென்பது எமது கருத்தன்று. ஆளில்லா வீடு விழுந்தே தீரும். வெள்ளவத்தையில் விறாந்தையும் மாமரமும் கொண்ட வீடுகளை இடித்துத் தொடர்மாடி கட்டியவர்களுக்கும், அவற்றில் விரும்பிக் குடியேறிய எம்மனோருக்கும், ஊரிலுள்ளவர்களுக்கு மரபுரிமை போதிக்கும் தகுதியும் குறைவே. நாம் வேண்டுவது, பிரெஞ்சு விவசாயியின் முதற் பாடத்தை மறவாதிருத்தல். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையார் விடுதிகளைப் பதிவு செய்யும் வகைகளுள், குடும்பம் தானும் வாழ்ந்துகொண்டு சில அறைகளை விருந்தினருக்கு விடும் இல்லத் தங்கல் என்பதும் ஒன்று. கொழும்பிலிருப்பவர் ஊரிலே ஒரு குடும்பத்தை, சம்பளக் காவற்காரராக அன்றி வருமானத்திற் பங்குள்ளவராக, அவ்வீட்டிற் குடியமர்த்தினால் வீட்டுக்கு ஆளும் கிடைக்கும். ஆடிக்கூழும் ஒடியற்கூழும் காய்ச்சத் தெரிந்த கையும் கிடைக்கும். அந்தப் பங்கு வாய்ப்பேச்சாக இராது எழுத்தில் இருக்க வேண்டும்.

எழுத்தில் இருக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஆடி, ஆவணியில் நல்லூர்க் கந்தன் கொடியேறி இருபத்தைந்து நாட்கள் திருவிழா நடைபெறும். யாழ்ப்பாணத்தில் அறைக்கு மிகுந்த வாடகை கிடைப்பதும் அந்நாட்களிலேதான். இலண்டன் தம்பியும் றொறன்ரோத் தங்கையும் பிள்ளைகளோடு ஊருக்கு வர விடுமுறை கிடைப்பதும் அந்நாட்களிலேதான். பாட்டியின் சாமியறைக்கு அப்பால் எந்த அறையில் யார் படுப்பது, அந்நாட்களுக்கு வாடகை உண்டா இல்லையா, அவ்வீட்டிற் குடியிருக்கும் குடும்பத்தின் பங்கை அப்போது யார் கொடுப்பது என்பனவற்றைப் பங்காளிகள் எல்லாரும் கூடி, கொடியேற்றத்துக்கு வெகு முன்னதாகவே, ஓர் உடன்படிக்கையாக எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது நன்று.